நாள் எண்ணிக் கவனிக்க வேண்டிய காய்ச்சல்

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் திகதி, பாடகர் எஸ். பி. பாலசுப்ரமணியம் சென்னையிலிருந்து சிறியதொரு வீடியோச் செய்தியை வெளியிட்டார். இரண்டு மூன்று நாட்களாக நெஞ்சில் சற்றே சளிக்கட்டு, தடிமன், விட்டு விட்டுக் காய்ச்சல், பரிசோதித்ததில் கொரோனா, மிக இலேசானதுதான், வீட்டிலேயே இருந்திருக்கலாம், குடும்பத்தாருக்குச் சிரமம் வேண்டாமென்று வைத்தியசாலையில் சேர்ந்ததாகச் சொன்னார். முகத்திலும் குரலிலும் நோயின் சாயல் அதிகம் தெரியவில்லை. இங்கே சிட்னியிலும் மெல்பேர்ணிலும் அதைப் பார்த்த அன்பர்கள் ஆறுதலடைந்தார்கள்.

எட்டு நாள் கழிந்து, 13ஆம் திகதி இரவு, அவருடைய நிலைமை மோசமாகி அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்பட்டது. அதுவும் போதாமல், இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்துப் பிராணவாயு ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ இயந்திரம் இணைக்கப்பட்டது. செப்டம்பர் முற்பகுதியில், பரிசோதனையில் கொரோனா இல்லையென்று வந்துவிட்டதாக அவருடைய மகன் அறிவித்தார். ஆயினும் செப்டம்பர் 25ஆம் திகதி, தமது 74ஆவது வயதில், அவர் காலமானார்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மூன்றாம் நாள் இலேசாகத் தோன்றிய நோய் பத்தாம் நாளை ஒட்டி ஏன் உயிருக்கு உலை வைத்தது? வைரஸ் போய்விட்டதென்று பரிசோதனை சொன்ன பிறகும் ஏன் ஆள் பிழைக்கவில்லை? கொவிட்-19 என்ற நோயின் இயல்பு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கியிருக்கிறது எனலாம். இது சாதாரண தடிமன் காய்ச்சலைப் போலத் தொடங்கி, அதைப் போல முடியாத நோய். இதில் உடல் வெப்பம் எத்தனை பாகை என்பதைவிட, இன்று எத்தனையாவது நாள் என்பது முக்கியம்.

குடும்பத்தில் ஏழாவது

கொரோனா வைரஸ்கள் வைத்தியத்துறைக்குப் புதியவையல்ல. மனிதரைத் தாக்குபவை 1960களிலேயே அடையாளம் காணப்பட்டன. அவற்றுள் நான்கு, மழைக்கும் பனிக்கும் வந்து போகும் தடிமனுக்குக் காரணமானவை. 2002ஆம் ஆண்டின் இறுதியில் தென் சீனாவில் தோன்றிய சார்ஸ் ஐந்தாவது அல்லது ஆறாவது இடத்தைப் பிடிக்கிறது. கணக்கு எப்படிப் போட்டாலும் 2012இல் அரபு நாடுகளில் தோன்றிய மேர்ஸையும் சேர்த்தால், 2019 டிசம்பரில் சீனாவின் வூஹான் நகரில் தலைகாட்டியது ஏழாவது.

இந்த ஏழாவதின் கதையில் அவுஸ்திரேலியாவுக்கு ஆரம்பத்திலேயே பங்குண்டு. ஷாங்காய் நகரப் பேராசிரியர் ஷாங் யொங்ஷென்னின் குழுவினர் கண்டறிந்த வைரஸின் மரபணு வரிசையை, அவருடன் இணைந்து பணியாற்றிய சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஹோம்ஸ் 2020 ஜனவரி 11ஆம் திகதி இணையத்தில் உலகறிய வெளியிட்டார். ஏறக்குறைய 30 ஆயிரம் எழுத்துக்கள் கொண்ட அந்த வரிசையை வைத்துத்தான் பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் உருவாகத் தொடங்கின. இரு வாரங்களில், ஜனவரி 25ஆம் திகதி, இந்நாட்டின் முதல் நோயாளர் மெல்பேர்ண் கிளேற்றனிலுள்ள மொனாஷ் வைத்தியசாலையில் உறுதிசெய்யப்பட்டார். அவரிடமிருந்து எடுத்த மாதிரியிலிருந்து மெல்பேர்ண் டொகேர்ட்டி நிறுவனம் வைரஸை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்து, சீனாவுக்கு வெளியே முதன்முதலாக மற்ற ஆய்வுகூடங்களோடு பகிர்ந்துகொள்ள முன்வந்தது. கிளேற்றன் பக்கத்தில் வசிக்கும் நம்மவர் பலருக்கு, உலகச் செய்தி தங்கள் தெருவுக்கே வந்த நாள் அது.

சார்ஸும் இதுவும் உடன்பிறப்புகள். ஆனால் 2003 யூலையில் சார்ஸ் ஓய்ந்துவிட்டது. உலகம் முழுவதும் எட்டாயிரத்துச் சொச்சம் நோயாளர், 774 மரணங்கள், அத்தோடு சரி. தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. நோயாளரைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தும் பழைய முறையே போதுமாயிருந்தது. காரணம் நாட்கணக்கில் இருக்கிறது. சார்ஸ் நோயாளரின் உடலில் வைரஸ் உச்சத்தை எட்டுவது நோய் தொடங்கிப் பத்தாம் நாளளவில். அதற்குள் அவர் படுத்த படுக்கையாகி வைத்தியசாலைக்குப் போயிருப்பார். கொவிட்டில் உச்சம், இருமல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பும் தொடங்கிய ஓரிரு நாளிலும் வந்துவிடுகிறது. நோயாளர் தாம் நோயாளர் என்று அறியுமுன்பே கடைக்குப் போய், பிறந்தநாள் விருந்துக்குப் போய், கோயிலுக்கும் போய் வந்திருப்பார். மரண விகிதத்தில் சார்ஸ் மிகக் கொடியது. ஆனால் மெதுவாகத் தன்னைக் காட்டிக்கொண்டு வந்த கொடியவனைப் பிடிக்க முடிந்தது, முகங்காட்டாமல் வந்தவனைப் பிடிக்க முடியவில்லை.

இரண்டு வாரம், இரண்டு நோய்

வைரஸின் மேற்பரப்பிலுள்ள முள் போன்ற புரதம், நம் உயிரணுக்களின் மேலுள்ள ஏசிஈ-2 என்ற பூட்டில் சாவி போலப் பொருந்துகிறது. மூக்கு, தொண்டை, நுரையீரலின் காற்றறைகள் ஆகிய இடங்களிலெல்லாம் இந்தப் பூட்டு உண்டு. இரத்த அழுத்தத்தைச் சமநிலைப்படுத்துவது அதன் அன்றாட வேலை. இதைக் கேள்விப்பட்டுத்தான் 2020இல் பலர் தாங்கள் எடுத்துவந்த பிரஷர் குளிசைகளை நிறுத்திவிடப் பார்த்தார்கள். அது வீண் பயமென்று பின்னர் ஆய்வுகள் காட்டின. நிறுத்தியதால் ஒரு நன்மையும் இல்லை.

முதல் வாரம் வைரஸின் வாரம். காய்ச்சல், தொண்டை நோ, வறட்டு இருமல், உடம்பு உளைவு, சிலருக்கு வயிற்றோட்டம். ஆரம்ப அலைகளில் மணம் போய்விடுவது பெரிய அடையாளமாக இருந்தது. இரசத்தில் போட்ட பெருங்காயமோ, ஏற்றிய கற்பூரமோ மணக்காதபோதுதான் பலருக்கு விஷயம் புரிந்தது. மண நரம்புகளை விட அவற்றைத் தாங்கி நிற்கும் துணை உயிரணுக்களையே வைரஸ் தாக்குகிறது. ஆகையால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பி வந்தது. 2021 நவம்பரில் தென் ஆபிரிக்க விஞ்ஞானிகள் அறிவித்த ஒமிக்ரோன் வகை பரவிய பின்னர் இந்த அடையாளம் குறைந்துவிட்டது. இப்போது கொவிட்டையும் மற்றத் தடிமன்களையும் பார்வையால் மட்டும் பிரித்தறிய எந்த வைத்தியராலும் முடியாது. மூக்கில் எடுத்து வீட்டிலேயே பார்க்கும் ராட் சோதனை செய்யவேண்டும். முதல் நாள் இல்லையென்று காட்டினாலும், அறிகுறி தொடர்ந்தால் அடுத்தடுத்த நாளும் பார்க்கவேண்டும்.

இரண்டாவது வாரம் உடம்பின் வாரம். வைரஸை எதிர்க்கப் புறப்பட்ட நோயெதிர்ப்புச் சக்தி, சிலரில் அளவு மீறிப் போய்ச் சொந்த நுரையீரலையே அழற்சிக்குள்ளாக்குகிறது. காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைகிறது. திருடனைப் பிடிக்க வந்த ஊரார் வீட்டையே கொளுத்திவிட்டது போன்ற நிலை இது. வூஹானில் முதலில் ஆராயப்பட்ட 41 நோயாளரின் விபரம் 2020 ஜனவரியில் வெளிவந்தபோதே இந்த நாட்கணக்கு தெளிவாகத் தெரிந்தது. நோய் தொடங்கியதிலிருந்து மூச்சுமுட்டு வர நடுவாக எட்டு நாள். அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகப் பத்தரை நாள். அதே ஆண்டு மார்ச் 27ஆம் திகதி தமக்குத் தொற்று உறுதியானதாக அறிவித்த பிரித்தானியப் பிரதமர் பொரிஸ் ஜோன்சன், அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனது ஏப்ரல் 6ஆம் திகதி. பாலசுப்ரமணியத்தின் கணக்கும் ஏறத்தாழ இதுவே.

எல்லோருக்கும் இந்த இரண்டாம் வாரம் வருவதில்லை. பெரும்பாலானோர் முதல் வாரத்தோடு எழுந்துவிடுகிறார்கள். தடுப்பூசியும் முன்னர் வந்த தொற்றும் சேர்ந்து இன்று அது இன்னும் அரிதாகிவிட்டது. வருபவர்கள் யாரென்றால், வயதானவர்கள், சலரோகம், இருதய நோய், சிறுநீரக நோய், உடற்பருமன் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள். இந்தப் பட்டியலை வாசிக்கும்போது நம்மவர் வீடுகளில் யாராவது ஒருவருடைய முகம் நினைவுக்கு வராமல் போகாது.

இரு வாரங்களும் இரு வேறு நோய்கள் என்பதை ஐயமின்றி நிறுவியது ஒரு மலிவான பழைய மருந்து. டெக்சாமெதசோன் என்ற ஸ்டெரோயிட் மருந்து, எதிர்ப்புச் சக்தியின் கொந்தளிப்பை அடக்குவது. பிரித்தானியாவில் பீற்றர் ஹோர்பி, மார்ட்டின் லாண்ட்ரே ஆகியோர் நடத்திய ரிக்கவரி ஆய்வின் முடிவு 2020 யூன் 16ஆம் திகதி வெளியானது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பிராணவாயு மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கோ எந்தப் பயனும் இல்லை. தீமையாகவும் இருக்கலாமென்ற சாயலே தெரிந்தது. வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் முதல் வாரத்தில் எதிர்ப்புச் சக்தியை அடக்குவது, போர் நடக்கும்போது சொந்தப் படையைக் கட்டிப்போடுவதுதானே.

இந்த வித்தியாசத்தை மறந்ததன் விலையை 2021இல் இந்தியா கொடுத்தது. ஏப்ரல், மே மாதங்களில் டெல்டா அலை அடித்தபோது, வைத்தியசாலைகளில் இடமில்லை, பிராணவாயு இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைப் பார்த்து, காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலேயே ஸ்டெரோயிட் குளிசையை வீட்டில் விழுங்கியவர்கள் ஏராளம். ஸ்டெரோயிட் சீனியை ஏற்றும். ஏற்கெனவே சலரோகம் உள்ள உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் படுத்துவிட்டால், மண்ணிலும் காற்றிலும் எங்குமுள்ள பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். கறுப்புப் பூஞ்சை என்று பத்திரிகைகள் எழுதிய மியூக்கோர் நோய் மூக்கிலிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது. அந்த ஆண்டு யூலைக்குள் 45 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அது வந்ததாக இந்திய அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. பலர் ஒரு கண்ணை இழந்து உயிர் தப்பினார்கள். சரியான மருந்து, தவறான வாரம்.

அந்த நாட்களில் ஊரிலிருந்து உறவினர் அனுப்பிய குளிசைகள் இன்னமும் சில வீட்டு அலுமாரிகளில் இருக்கக்கூடும். அவற்றில் ஐவர்மெக்டினும் இருக்கலாம். அந்த மருந்துக்கு உலகளாவிய புகழ் கிடைத்ததற்குக் காரணம் 2020 ஏப்ரலில் மெல்பேர்ணில் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வுகூடப் பரிசோதனை. கண்ணாடிக் கிண்ணத்தில் வைரஸை அது அடக்கியது உண்மை. ஆனால் அந்தச் செறிவை மனித இரத்தத்தில் எட்டுவதற்கு, பாதுகாப்பான அளவைப் போலப் பல மடங்கு கொடுக்கவேண்டும். பின்னர் நோயாளரிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் அது பயன் தரவில்லை. கொத்தமல்லியும் இஞ்சியும் வேறு விஷயம். கபசுரக் குடிநீரைத் தமிழ்நாட்டு அரசே விநியோகித்தது. தொண்டைக்கு இதமாக அவற்றைக் குடிப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. குடித்துக்கொண்டு ஐந்து நாளைக் கடத்திவிடுவதுதான் ஆபத்து. ஏன் ஐந்து நாள் என்பது பின்னால் வரும்.

மூச்சு வாங்காத மூச்சுமுட்டு

இந்நோயின் மிகவும் வஞ்சகமான குணம் ஒன்று உண்டு. சாதாரண நிமோனியாவில் இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் நோயாளர் மூச்சு வாங்குவார், பதறுவார். கொவிட்டில் பிராணவாயு ஆபத்தான அளவுக்கு இறங்கிய பின்னும் சிலர் கட்டிலில் சாய்ந்து அமைதியாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பதை உலகெங்கும் வைத்தியர்கள் கண்டார்கள். மூச்சை அவசரப்படுத்தும்படி மூளைக்குப் பெரிதும் கட்டளையிடுவது கரியமில வாயுவின் ஏற்றமே. அது ஏறாதவரை மூளை அதிகம் உஷாராவதில்லை. ஆகவே, “அப்பா நல்லாத்தான் இருக்கிறார், கதைக்கிறார்” என்பது இந்நோயில் போதிய சாட்சியமல்ல.

இதனால்தான் விரலில் மாட்டும் ஒக்சிமீட்டர் வீடுகளுக்கு வந்தது. அது நல்ல கருவி. அளவு 95 அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுவாக ஆறுதல். 93, 94 என்றால் அன்றே வைத்தியரை அழைக்கவேண்டும். 92 அல்லது கீழே என்றால் 000. ஆனால் ஒரு விடயத்தை நம்மவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்தக் கருவி தோலினூடாக ஒளியைச் செலுத்தி அளக்கிறது. தோலின் நிறப்பொருளும் அந்த ஒளியில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்க மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், கருவி 92க்கும் 96க்கும் இடையில் காட்டிய வேளையில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது, வெள்ளையரில் நூற்றுக்கு 4 பேருக்குச் சற்றுக் குறைவு. கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 12 பேரளவில். தமிழருடைய தோலும் கருவியை ஓரளவு ஏமாற்றக்கூடியதே. எனவே எண்ணை மாத்திரம் நம்பாமல், காலை மாலை எழுதிவைத்து, அது இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். சுகமாயிருக்கும்போது ஒருமுறை அளந்து வைத்திருந்தால் ஒப்பிட உதவும். உட்கார்ந்திருக்கும்போது 95 காட்டி, வீட்டுக்குள் நாற்பது அடி நடந்ததும் மூன்று புள்ளி விழுந்தால், அது நல்ல அறிகுறியல்ல.

தென்னாசியருக்கு இந்நோய் ஏன் கடுமையாக இருந்தது என்பதற்குப் பிரித்தானியாவில் நிறைய ஆராய்ச்சி நடந்தது. வைத்தியசாலையில் சேர்ந்த தென்னாசியரில் நூற்றுக்கு 40 பேருக்குச் சலரோகம். வெள்ளையரில் 25 பேருக்கு. இது ஒரு காரணம். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்வது இன்னொன்று. பேரப்பிள்ளை கொண்டுவரும் தடிமன் பாட்டியைச் சேர அதிக நேரம் எடுப்பதில்லை. மூன்றாவது, முன்னோர் விட்டுச்சென்றது. நியண்டர்தால் மனிதரிடமிருந்து வந்த மரபணுத் துண்டொன்று மூன்றாம் குரோமோசோமில் இருப்பவர்களுக்கு நோய் கடுமையாகும் என்று ஸ்வாந்தே பாபோவும் ஹியூகோ ஸேபெர்க்கும் 2020இல் காட்டினார்கள். ஐரோப்பியரில் ஆறில் ஒருவர் அதைச் சுமக்கிறார். தென்னாசியரில் ஏறக்குறைய பாதிப்பேர். மரபணுவை மாற்ற முடியாது. சீனியின் அளவைக் கட்டுப்பாட்டில் வைக்க முடியும். தடுப்பூசி போட முடியும்.

இந்த நாட்டின் கணக்கு

ஊரடங்கு நாட்களை எவரும் மறக்கவில்லை. மெல்பேர்ண் மக்கள் ஆறு தடவைகளில் மொத்தம் 262 நாள் வீட்டுக்குள் இருந்தார்கள். சிட்னியில் 2021 யூன் 26 முதல் ஒக்டோபர் 11 வரை பூட்டு; அதிலும் நம்மவர் செறிந்து வாழும் பரமாட்டா, பிளக்டவுன், கம்பர்லாண்ட் பகுதிகளுக்கு இரவு ஊரடங்கும் விதிக்கப்பட்டது. நாட்டை விட்டு வெளியேறத் தடை 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை நீடித்தது. பெற்றவரின் ஈமக்கிரியையைக் கைத்தொலைபேசியில் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் குளித்து வந்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர். 2021 மே மாதத்தில் சில நாட்கள், இந்தியாவிலிருந்து திரும்பும் அவுஸ்திரேலியப் பிரசைகளுக்கே சிறைத்தண்டனை என்றும் சட்டம் இருந்தது. அதன் கசப்பு இன்னும் பலர் மனத்தில் இருக்கிறது, இருப்பது நியாயமும்கூட.

இதனால் ஒரு மயக்கம் உண்டாகிவிட்டது. கொவிட் என்றால் 2020, 2021 ஆண்டுகளின் கதை, பூட்டுத் திறந்ததோடு அதுவும் போய்விட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்கு அப்படியில்லை. 2020இல் அவுஸ்திரேலியா முழுவதும் இறந்தவர்கள் 909 பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் முதியோர் இல்லங்களில் வாழ்ந்தவர்கள், மிகப் பெரும்பாலானோர் விக்ரோரியா மாநிலத்தவர். எல்லாம் திறந்துவிட்ட 2022இலோ ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டின் மரண காரணங்களில் கொவிட் மூன்றாம் இடம் பெற்றது. ஒரு தொற்றுநோய் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது 1970க்குப் பிறகு அதுவே முதல் தடவை. தடுப்பூசி இல்லாமல் இந்த அலை வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை. 2023 மே 5ஆம் திகதி உலகச் சுகாதார நிறுவனம் அவசரகால நிலை முடிந்ததென்று அறிவித்தது. முடிந்தது அவசரகால நிலை; நோய் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது. இன்று அதனால் இறப்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் முதியவர்கள்.

கோயிலுக்கு வருபவர்கள் அறிய வேண்டிய இன்னொரு செய்தி காற்றைப் பற்றியது. ஆரம்பத்தில், தும்மலில் தெறிக்கும் துளிகளாலும் தொட்ட பொருட்களாலும்தான் நோய் பரவுகிறதென்று சொல்லப்பட்டது. கடையில் வாங்கிய வாழைப்பழத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய வீடுகளும் உண்டு. பிரிஸ்பேனில் பணியாற்றும் பேராசிரியர் லிடியா மொராவ்ஸ்கா முன்னின்று, 2020 யூலையில் 239 விஞ்ஞானிகள் கையொப்பமிட்ட பகிரங்கக் கடிதம், மூச்சில் வெளியாகும் நுண்துகள்கள் மூடிய அறையின் காற்றில் மிதந்து தொற்றும் என்று வாதிட்டது. அவர்கள் சொன்னதே சரியென்று இன்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10ஆம் திகதி 61 பேர் கூடி இரண்டரை மணிநேரம் பாடிப் பழகினார்கள். ஒருவருக்கு மட்டும் தடிமன். முடிவில் அவரோடு சேர்த்து 53 பேருக்கு நோய், இருவர் மரணம். பேசும்போது வெளியாவதை விடப் பாடும்போது துகள்கள் அதிகம். மூடிய மண்டபத்தில் பஜனை என்றால் கதவு யன்னல்களைத் திறந்து வைப்பது, குளிரானாலும், நல்லது. தடிமன் உள்ளவர் அன்றைக்கு வீட்டிலிருந்தே தேவாரம் பாடலாம். சுவாமி குறை நினைக்கமாட்டார்.

ஐந்து நாள்

இனி, அந்த ஐந்து நாள். வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் பாக்ஸ்லோவிட் என்ற குளிசை, நோய் தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால்தான் பயன். முதல் வாரத்துக்குரிய மருந்து அது. இரண்டாம் வாரத்தில் அதனால் ஆவது ஒன்றுமில்லை. தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ள நோயாளரில் அது வைத்தியசாலை அனுமதியையும் மரணத்தையும் நூற்றுக்கு 89 பங்கு குறைத்ததாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. தடுப்பூசி போட்ட, வேறு நோயில்லாத நடுத்தர வயதினருக்கு அத்தகைய பயன் தெரியவில்லை. அவர்கள் அதைத் தேடி ஓட வேண்டியதில்லை. எழுபது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், சோதனையில் கொவிட் என்று தெரிந்தால், வேறு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசாங்க உதவி விலையில் அதைப் பெறத் தகுதியுடையவர்கள். எழுபதுக்குக் கீழே சலரோகம் போன்றவை உள்ளவர்கள் குடும்ப வைத்தியரைக் கேட்கவேண்டும்.

நடைமுறையில் நடப்பது என்ன? முதல் நாள் அம்மா “தடிமன்தான், பனடோல் போட்டால் மாறும்” என்பார். இரண்டாம் மூன்றாம் நாள் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். நாலாம் நாள் வெள்ளிக்கிழமை மாலையாக இருக்கும். திங்கட்கிழமை வைத்தியரிடம் போகும்போது ஏழாம் நாள். பெற்றவர்களுக்குப் பிள்ளைகளைத் தொல்லைப்படுத்த மனமில்லை. பிள்ளைகள் வைத்தியருக்கு மொழிபெயர்க்கும்போது அதை மேலும் மென்மையாக்கி “கொஞ்சம் தடிமன்” என்று முடித்துவிடுகிறார்கள். 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்தியரே அழைக்கலாம். திதியும் நட்சத்திரமும் பார்க்கத் தெரிந்த வீட்டில், காய்ச்சல் தொடங்கிய நாளைக் கலண்டரில் குறித்து வைப்பது பெரிய வேலையல்ல.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க வருகை விசாவில் வந்திருக்கும் பெற்றோரின் நிலை வேறு. மெடிகெயர் இல்லாதவர்களுக்கு அந்த உதவி விலை கிடையாது. முழு விலை ஆயிரம் டொலரைத் தொடும். எந்தக் காப்புறுதி எதைக் கொடுக்கும் என்பதை விமானச்சீட்டு வாங்கும்போதே வாசித்துவிட வேண்டும், காய்ச்சல் வந்தபின் அல்ல. அவர்கள் புறப்படுமுன் ஊரிலோ, வந்த பின் இங்கேயோ தடுப்பூசி போடுவது பற்றி விசாரிப்பதும் அந்த நேரத்திலேயே ஆகவேண்டியது. இங்கே வாழ்பவர்களில் எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு ஆறு மாதத்துக்கொரு முறையும், அறுபத்தைந்திலிருந்து எழுபத்துநான்கு வரையானோருக்கு ஆண்டுக்கொரு முறையும் கொவிட் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. 2021இல் போட்ட இரண்டோடு நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காப்பு எப்போதோ தேய்ந்துவிட்டது.

பாக்ஸ்லோவிட்டுக்கு ஒரு தொல்லை உண்டு. அதிலுள்ள ரிட்டோனாவிர் ஈரலின் வேலையைத் தற்காலிகமாக மந்தப்படுத்துவதால், வேறு பல மருந்துகள் உடலில் தேங்கி நஞ்சாகக்கூடும். கொலஸ்ட்ரோலுக்கான சிம்வாஸ்டாட்டினை நிறுத்தவேண்டும். இருதயத் துடிப்புக்கான அமியோடரோன் எடுப்பவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் குளிசைகள், சில பிரஷர் குளிசைகள் ஆகியவற்றில் வைத்தியர் மாற்றம் செய்யவேண்டியிருக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவு குறைவு. இதையெல்லாம் வைத்தியர் கணக்கிட, நோயாளர் எடுக்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரும் வேண்டும். வைத்தியரின் கணினியில் இருப்பது அவர் எழுதிக்கொடுத்தவை மட்டுமே. சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பெட்டியில் வந்த குளிசைகள், சூரணம், லேகியம் யாவற்றையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு தொலைபேசியைக் கையில் எடுக்கவேண்டும்.